கும்பல் வன்முறை திடீர்க் கோபமா? ராமநாதபுரம் கடற்கரையிலிருந்து ஒரு பதில்

கேள்வி கேட்ட தம்பி மூன்று விஷயம் கேட்டிருக்கிறார். முன்பின் தெரியாத ஒருத்தரை, அதுவும் திருப்பி அடிக்க முடியாத ஒருத்தரை, ஒரு கூட்டமே சேர்ந்து அடித்துக் கொல்லும் அளவுக்கு மனிதர்கள் எப்படிப் போகிறார்கள்? படிப்பறிவு இல்லாததுதான் காரணமா? கடுமையான தனிச்சட்டம் வந்தால் நின்றுவிடுமா? கடைசியில், "நம்ம கடற்கரை ஊர்கள் அமைதியான ஊர்கள்தானே அண்ணே, இங்கெல்லாம் அது வராதுல்ல?" என்றும் ஒரு வரி சேர்த்திருக்கிறார். அந்தக் கடைசி வரிக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

நான் இந்த மாவட்டத்தில் இருபது வருடத்துக்கு மேலாக வக்கீலாக இருக்கிறேன். கொஞ்ச காலம் மண்டபம் முகாமில் இருக்கிற இலங்கைத் தமிழர்களின் பிறப்புச் சான்று, குடியுரிமை மனு மாதிரியான காகித வேலைகளைச் செய்துகொடுத்தேன். அங்கே கேட்டதும், கோர்ட்டில் பார்த்ததும், ஒரே ஒரு முறை என் கண்ணெதிரே நடந்ததும் சேர்ந்துதான் இந்தப் பதில்.

கண்ணெதிரே நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2018 மே மாதம். பிள்ளை பிடிக்கிறவர்கள் வடக்கிலிருந்து நூற்றுக்கணக்கில் வந்து இறங்கியிருக்கிறார்கள் என்று வாட்ஸப்பில் ஆடியோவும் வீடியோவும் சுற்றிக்கொண்டிருந்த நேரம். ஏர்வாடிக்கும் கீழக்கரைக்கும் நடுவில், கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு பஸ் ஸ்டாப். நாற்பது வயது இருக்கும் ஒருத்தர், அழுக்குக் கைலி, தோளில் ஒரு சாக்குப் பை. பள்ளிக்கூடம் விடுமுறை, பிள்ளைகள் மரத்தடியில் விளையாடிக்கொண்டிருக்கிறார்கள். அவர் அவர்களைப் பார்த்துச் சிரித்தார், அவ்வளவுதான். யாரோ ஒருத்தர் "யாருய்யா நீ, எந்த ஊரு?" என்று கேட்டார். அவர் தெலுங்கில் ஏதோ சொன்னார். அடுத்த பத்து நிமிடத்தில் முப்பது நாற்பது பேர். எல்லோரும் எனக்குத் தெரிந்த முகங்கள். வலை பின்னுகிறவர், ஐஸ் வண்டி ஓட்டுகிற தம்பி, கல்லூரியில் படிக்கிற இரண்டு பையன்கள், ஓய்வுபெற்ற அரசு ஊழியர் ஒருத்தர். முதல் அடி யார் அடித்தார் என்று நான் பார்க்கவில்லை. மூன்றாவது அடியைப் பார்த்தேன். நானும் பைக்கை நிறுத்திவிட்டு நின்றுகொண்டுதான் இருந்தேன், வாயைத் திறக்கவில்லை. அதை இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஏர்வாடி தர்காவுக்கு மனநலம் பாதிக்கப்பட்டவர்களைக் கூட்டிக்கொண்டு கேரளா, ஆந்திரா என்று எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள் என்பது இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். 2001 ஆகஸ்டில் அங்கே ஒரு காப்பகத்தில் சங்கிலியால் கட்டிவைக்கப்பட்டிருந்த 28 பேர் தீயில் கருகிச் செத்த ஊர் அது. அப்படி வந்து வழி தவறி, சாலையோரம் நடந்துபோகிறவர்களைச் சின்ன வயதிலிருந்தே பார்த்துப் பழகியவர்கள் நாங்கள். சோறு போட்டிருக்கிறோம், பழைய சட்டை கொடுத்திருக்கிறோம். அதே ஆட்கள்தான் அன்று அடித்தார்கள். அதனால்தான் "நம்ம ஊர் அமைதியான ஊர்" என்கிற பேச்சை என்னால் ஏற்றுக்கொள்ள முடிவதில்லை.

இப்போது கோபம் பற்றி. கும்பல் கோபத்தில் செய்துவிட்டது என்று எல்லோரும் சொல்கிறார்கள், போலீஸ் அறிக்கையில்கூட "ஆத்திரமடைந்த பொதுமக்கள்" என்றுதான் வரும். கோபம் இருந்தது உண்மை. ஆனால் கோபம் ஆள் பார்த்துத்தான் வருகிறது. எங்கள் பக்கத்தில் சீட்டு நடத்திப் பல குடும்பங்களின் நகைப் பணத்தைச் சுருட்டியவர் உண்டு. பெண் கல்யாணத்துக்கு வைத்திருந்ததைப் பறிகொடுத்தவர்கள் எல்லாம் அவர் வீட்டு வாசலில் நின்று அழுதார்கள், கத்தினார்கள், அப்புறம் மனு எழுதிக்கொண்டு கலெக்டர் ஆபீஸுக்குப் போனார்கள். ஒருத்தர் கூட அவர் மேல் கை வைக்கவில்லை. அவருக்கு ஊரில் சொந்தபந்தம் இருக்கிறது, கட்சி இருக்கிறது, வக்கீல் இருக்கிறார். சாக்குப் பையோடு வந்தவருக்கு அது எதுவும் இல்லை. கும்பல் தவறிப்போய்கூட வலுவானவனைத் தொடுவதில்லை. யாரை அடித்தால் கேட்க நாதி இருக்காது என்பது அத்தனை பேருக்கும், பேசி வைத்துக்கொள்ளாமலே, தெரிந்திருக்கிறது. அது எப்படித் தெரிகிறது என்பதுதான் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி.

என் பதில்: அதை வருடக்கணக்காக நாம் சொல்லிக்கொடுத்து வைத்திருக்கிறோம். முதலில் ஒரு பட்டப்பெயர் வருகிறது. அப்புறம் அவர்களைப் பற்றி ஒரு கதை. அப்புறம் அவர்களுக்கு ஏதாவது நடந்தால் யாரும் தண்டிக்கப்பட மாட்டார்கள் என்கிற அனுபவம். இந்த மூன்றும் சேர்ந்து காய்ந்த பனையோலை மாதிரி கிடக்கிற இடத்தில் வதந்தி வெறும் தீக்குச்சிதான்.

நம் கடற்கரைக்கு இது கடலுக்கு அக்கரையில் நடந்த கதையாகவே தெரியும். கீழக்கரை, காயல்பட்டினம் மாதிரியான ஊர்களிலிருந்து இலங்கைக்குப் போய்க் கடை வைத்திருந்த முஸ்லிம்களைச் சிங்களத்தில் 'ஹம்பயா' என்பார்கள். கடனுக்குச் சாமான் கொடுப்பார்கள், கிராமம் கிராமமாகக் கடை. அவர்கள் அந்நியர்கள், நம் பணத்தை உறிஞ்சுகிறவர்கள் என்று சிங்கள பௌத்த இயக்கத்தை நடத்திய அநகாரிக தர்மபாலர் போன்றவர்கள் எழுதிக்கொண்டே இருந்தார்கள். முதல் உலகப் போர் வந்து சாமான் விலை ஏறியது. கம்பளையிலும் கண்டியிலும் மசூதியைத் தாண்டி பௌத்த ஊர்வலம் மேளதாளத்தோடு போகலாமா கூடாதா என்கிற தகராறு கோர்ட் வரை போய்க்கொண்டிருந்தது. 1915 மே மாதக் கடைசியில் கண்டியில் வெசாக் என்கிற புத்தர் திருநாள் ஊர்வலத்தன்று வெடித்தது, ஒரு வாரத்துக்கு மேல் பல மாவட்டங்களில் எரிந்தது. அரசுக் கணக்குப்படியே 4,000-க்கு மேற்பட்ட கடைகள் சூறையாடப்பட்டன, 25 பேர் கொல்லப்பட்டார்கள், 17 மசூதிகள் எரிக்கப்பட்டன. ஆங்கிலேய அரசு ராணுவச் சட்டம் போட்டுத் தன் பங்குக்குக் கண்மூடித்தனமாகச் சுட்டது. சிங்களத் தலைவர்களைப் பிடித்து உள்ளே வைத்தது. அவர்களுக்காக லண்டன் வரை போய் வாதாடியவர் பொன்னம்பலம் இராமநாதன் என்கிற தமிழர். திரும்பி வந்தபோது அவர் வண்டியில் குதிரைகளை அவிழ்த்துவிட்டுச் சிங்களத் தலைவர்கள் தாங்களே இழுத்துப்போனார்கள். கடை இழந்த முஸ்லிம்களின் கதை அந்தக் கொண்டாட்டத்தில் அப்படியே அடியில் போனது.

அது தமிழர்களுக்கு வேறு யாரோ சம்பந்தப்பட்ட விவகாரமாக இருந்தது. 43 வருடம் கழித்து, 1958-ல், கும்பல் தமிழர்களைத் தேடி வந்தது. பாணந்துறையில் ஒரு வதந்தி: மட்டக்களப்பில் வேலை பார்த்த சிங்கள ஆசிரியை ஒருவரைத் தமிழர்கள் மார்பை அறுத்துக் கொன்றுவிட்டார்கள் என்று. அந்த ஊர்க் கோயில் குருக்களை உயிரோடு கொளுத்தினார்கள். பிறகு விசாரித்துப் பார்த்தால், அப்படி ஒரு ஆசிரியையே பாணந்துறையிலிருந்து மட்டக்களப்புக்குப் போயிருக்கவில்லை. அப்போது வாட்ஸப் கிடையாது, பல வீடுகளில் ரேடியோ கூடக் கிடையாது. ஆகவே எல்லாவற்றுக்கும் செல்போன்தான் காரணம் என்கிற வாதத்தைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். போன் வேகத்தைக் கூட்டியது, நம்பத் தயாரான மனதை அது உண்டாக்கவில்லை.

1983 ஜூலை கலவரம் பற்றி மண்டபம் முகாமில் ஒரு அம்மா எனக்குச் சொன்னதை மறக்க முடியாது. அவர் அப்போது கொழும்பில் ஒரு வாடகை வீட்டில் சின்னப் பிள்ளைகளோடு இருந்தவர். பஸ்ஸை நிறுத்தி ஒவ்வொருவராக இறக்கி 'பால்திய' என்று சொல்லச் சொல்வார்களாம். சிங்களத்தில் வாளி என்று அர்த்தம். தமிழ் நாக்கு அதை 'வால்திய' என்று சொல்லிவிடும். அந்த ஒரு எழுத்தில் உயிர் போகும். "நான் வீட்டுக்குள்ள உக்காந்து பிள்ளையளுக்கு அந்தச் சொல்லைச் சொல்லிக்குடுத்தனான்" என்றார். பாடம் சொல்லிக்கொடுப்பது மாதிரி, நூறு தடவை.

படிப்பறிவு பற்றிக் கேட்டீர்கள். 1983-ல் கொழும்பில் கும்பல் கையில் வாக்காளர் பட்டியல் இருந்தது. எந்தத் தெருவில் எந்த நம்பர் வீடு தமிழர் வீடு, எது சிங்கள முதலாளியின் வீட்டில் தமிழர் வாடகைக்கு இருப்பது என்று பார்த்து, சில இடங்களில் சாமானை மட்டும் வெளியே போட்டுக் கொளுத்திவிட்டுக் கட்டடத்தை விட்டுவிட்டார்கள். அரசு வாகனங்களில் ஆட்கள் வந்து இறங்கினார்கள். பட்டியலைப் படிக்கத் தெரிந்தவன், அச்சடித்துக் கொடுத்தவன், லாரிக்கு ஏற்பாடு செய்தவன் எல்லோரும் படித்தவர்கள். அடுத்த வருடம் டெல்லியில் சீக்கியர்களுக்கு நடந்ததும் அதே மாதிரி வாக்காளர் பட்டியலை வைத்துக்கொண்டுதான். வெலிக்கடைச் சிறையில், அரசாங்கத்தின் பூட்டுக்குள்ளேயே, ஜூலை 25-லும் 27-லும் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டார்கள். ஜனாதிபதி ஜெயவர்த்தனா நான்கு நாள் வாயே திறக்கவில்லை. திறந்தபோதும் செத்தவர்களுக்காக ஒரு ஆறுதல் வார்த்தை இல்லை. மொத்தம் எத்தனை உயிர் என்பதில் அரசு சொன்னது நானூறுக்குள், மற்றவர்கள் சொல்வது 3,000 வரை. அந்த மௌனம் கும்பலுக்குப் போன செய்தி. நிறைய சிங்கள வீடுகளில் தமிழர்களை ஒளித்துவைத்துக் காப்பாற்றினார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும், அந்த அம்மாவும் பிள்ளைகளும் பிழைத்தது அப்படி ஒரு வீட்டுச் சமையலறையில்தான்.

அங்கிருந்துதான் படகுகள் வந்தன. 1983-க்கும் 1987-க்கும் நடுவில் மட்டும் 1,30,000-க்கும் அதிகமான பேர். தனுஷ்கோடி மணலிலும் ராமேஸ்வரம் கரையிலும் இறங்கியவர்களுக்கு நம் மீனவர்கள் கஞ்சி காய்ச்சி ஊற்றினார்கள், என் அம்மா உட்பட. அதில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் 1991-ல் ராஜீவ் காந்தி கொலைக்குப் பிறகு அதே மக்களை இதே ஊர் எப்படிப் பார்த்தது என்பதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. குற்றம் செய்தது விடுதலைப் புலிகள் என்கிற ஒரு இயக்கம், வாடகைக்கு வீடு மறுக்கப்பட்டது பால்மாவுக்கு வரிசையில் நிற்கிற அம்மாக்களுக்கு. அந்த இயக்கம் அதற்கு முந்தைய வருடம், 1990 அக்டோபரில், யாழ்ப்பாண முஸ்லிம்களை இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியே போகச் சொன்னது. வடக்கு மாகாணம் முழுவதும் சுமார் 70,000 பேர் வீட்டை விட்டுப் போனார்கள். தெருவில் கூடிய கும்பல் செய்த காரியமாக அது இருக்கவில்லை, துப்பாக்கி வைத்திருந்தவர்களின் உத்தரவு அது. ஆனால் அடிபட்ட இனம் என்பதாலேயே நம் கை சுத்தம் என்று நினைத்துக்கொள்ள முடியாது, அதற்காகச் சொல்கிறேன்.

சரி, கடலுக்கு இந்தப் பக்கம் வருவோம். இதே மாவட்டத்தில், கடற்கரையிலிருந்து கொஞ்சம் உள்ளே போனால் முதுகுளத்தூர். 1957 இடைத்தேர்தலுக்குப் பிறகு ஊர் ஊராகப் பதற்றம். செப்டம்பர் 10-ம் தேதி கலெக்டர் சமாதானக் கூட்டம் கூட்டுகிறார். பட்டியல் சாதி மக்களின் சார்பில் இமானுவேல் சேகரன் என்கிற 32 வயது இளைஞர், முன்னாள் ராணுவ வீரர், போய்ச் சரிசமமாக உட்கார்ந்து பேசுகிறார். மறுநாள் இரவு பரமக்குடியில் அவரை வெட்டிக் கொன்றார்கள். அந்த வழக்கில் கைதான முத்துராமலிங்கத் தேவர் 1959-ல் விடுதலை செய்யப்பட்டார். கொலைக்கு மூன்றாம் நாள் கீழத்தூவலில் போலீஸ் ஐந்து மறவர் இளைஞர்களைச் சுட்டுக் கொன்றது, அதன் பிறகு கலவரம் பல ஊர்களுக்குப் பரவி எத்தனையோ குடிசைகள் எரிந்தன. இதில் யார் பக்கம் நியாயம் என்று இன்றும் டீக்கடையில் சண்டை போடுகிறார்கள். நான் கவனிக்கச் சொல்வது ஒன்றைத்தான்: சமாதானக் கூட்டத்தில் ஒருத்தர் எப்படி உட்கார்ந்தார், எப்படிப் பேசினார் என்பதே ஒரு குற்றமாகப் பேசப்பட்டது. 2011 செப்டம்பர் 11 அன்று அவர் நினைவு நாளில் பரமக்குடியில் போலீஸ் சுட்டதில் ஆறு பேர் செத்தார்கள். இன்றும் செப்டம்பர், அக்டோபர் வந்தால் மாவட்டம் முழுக்கத் தடை உத்தரவு, வெளி மாவட்டப் போலீஸ், வாடகை வண்டியில் போகக் கூடாது என்று கட்டுப்பாடு. இந்த இரண்டு மாதமும் இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்குச் சாதாரணமாகிவிட்டது, எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது.

மேலே ஏறினவனை அடிப்பது என்பது ஒரு ஒழுங்கோடு திரும்பத் திரும்ப நடப்பதைப் பாருங்கள். கீழவெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு ஒரே குடிசைக்குள் 44 பேரை வைத்துக் கொளுத்தியது, விவசாயக் கூலிகள் சங்கம் வைத்துக் கூடுதல் கூலி கேட்ட பிறகு. மேலவளவில் 1997 ஜூன் 30 அன்று பஸ்ஸை வழிமறித்து முருகேசன் உட்பட ஆறு பேரை வெட்டியது, தனித்தொகுதியாக்கப்பட்ட பஞ்சாயத்துக்கு அவர் தலைவரான பிறகு. தர்மபுரி நாயக்கன்கொட்டாய் பக்கம் 2012 நவம்பர் 7 அன்று மூன்று ஊர்களில் 250-க்கும் மேற்பட்ட வீடுகளை எரித்தது ஒரு காதல் திருமணத்தைக் காரணம் காட்டி. போலீஸ் வண்டி வர முடியாமல் மரத்தை வெட்டிச் சாலையில் போட்டிருந்தார்கள். மரம் வெட்டுவதற்கு நேரம் வேண்டும், ரம்பம் வேண்டும், எந்த வளைவில் போட வேண்டும் என்கிற யோசனை வேண்டும். அதைத் திடீர் ஆத்திரம் என்றால் யார் நம்புவார்கள்? பெங்களூரிலும் திருப்பூரிலும் உழைத்து வாங்கிய டிவி, பீரோ, பிள்ளைகளின் சர்டிபிகேட் எல்லாம் எரிந்தன. ஆட்களின் உயிரைத் தொடவில்லை. மேலே வந்ததற்கான அடையாளத்தை எரித்தார்கள்.

2018-க்குத் திரும்புகிறேன். அந்த மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், குலதெய்வக் கோயிலுக்கு வழி கேட்டு வந்த சென்னைக் குடும்பத்தில் 65 வயது அம்மா ஒருவர், குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்ததற்காக அடித்துக் கொல்லப்பட்டார். பழவேற்காட்டில் ஒருவரைக் கொன்று பாலத்தில் தொங்கவிட்டார்கள். ஜூலை 1 அன்று மகாராஷ்டிரத்தில் துலே பக்கம் ரெயின்பாடா கிராமத்தில், பிச்சை எடுத்துப் பிழைக்கிற நாடோடிச் சமூகத்தைச் சேர்ந்த ஐந்து பேரைப் பஞ்சாயத்து ஆபீஸ் அறைக்குள் வைத்து அடித்தே கொன்றார்கள். அந்த மாதமே வாட்ஸப் நிறுவனம் இந்தியாவில் ஒரு செய்தியை ஐந்து பேருக்கு மேல் ஒரே நேரத்தில் அனுப்ப முடியாதபடி கட்டுப்பாடு கொண்டுவந்தது. வதந்தியில் செத்தவர்களை வரிசையாகப் பாருங்கள்: மனநிலை சரியில்லாதவர், நாடோடி, பிச்சைக்காரர், திருநங்கை, வேற்று மொழிக்காரர். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் என்று நரிக்குறவர்களைக் காட்டித்தான் நம் வீடுகளில் குழந்தைக்குச் சோறு ஊட்டுகிறோம். "சாப்பிடலைன்னா குறவன்கிட்ட புடிச்சிக் குடுத்துருவேன்." அந்தக் குழந்தை இருபது வயதில் வாட்ஸப் பார்க்கிறது, அவ்வளவுதான் விஷயம். நரிக்குறவர்களுக்குப் பழங்குடி அந்தஸ்து கிடைக்கவே 2023 ஆனது.

வடமாநிலத் தொழிலாளிகள் விஷயம் இன்னும் சிக்கல், அதைத் தவிர்த்துவிட்டுப் போக மாட்டேன். 2022 மே மாதம் ராமேஸ்வரம் வடகாடு பக்கம் கடல்பாசி எடுக்கப் போன பெண் ஒருவர் மிகக் கொடூரமாகக் கொல்லப்பட்டார். அது வதந்தி கிடையாது, உண்மையான கொடுமை. கடல்பாசிக்குப் போகிற அக்காக்கள் தனியாக, இடுப்பளவு தண்ணீரில், விடியலிலேயே போகிறவர்கள். அவர்களின் பயத்தையும் ஆத்திரத்தையும் நான் குறைத்துச் சொல்லவே மாட்டேன். ஆனால் அன்று பக்கத்து இறால் பண்ணையில் வேலை பார்த்த ஒடிசா ஆட்களைப் பிடித்து அடித்தபோது, யார் என்ன செய்தான் என்று யாருக்குத் தெரியும்? தெரிந்தது மொழி மட்டும்தான். செய்தவனைச் சாட்சியத்தோடு பிடித்து, தடயத்தைக் கெடுக்காமல் போலீஸிடம் கொடுப்பதுதான் அந்தப் பெண்ணுக்குச் செய்கிற நியாயம். கும்பல் அடித்த வழக்குகளில் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் பிடிப்பது அந்த அடியைத்தான், இதை வக்கீலாகவே சொல்கிறேன். நம் ஊரில் அவர்களை 'வடக்கன்' என்கிறோம். இலங்கையில் மலையகத் தமிழர்களைக் 'கள்ளத்தோணி' என்றார்கள். கூலி வேலைக்கு முறையாகக் கூட்டிப்போகப்பட்டு, இதே மண்டபத்தில் அடைத்துவைத்து நோய் சோதனை செய்து கப்பலேற்றப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளை அப்படிச் சொன்னார்கள், 1948-ல் குடியுரிமையையும் பறித்தார்கள். அந்தச் சொல்லைக் கேட்டு நமக்கு வலித்தது என்றால் இந்தச் சொல்லும் வலிக்கத்தான் வேண்டும்.

அடுத்தது சட்டம். 2018 ஜூலை 17 அன்று கும்பல் கொலைகள் பற்றிய தெஹ்சீன் பூனாவாலா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சில கட்டளைகள் போட்டது. மாவட்டத்துக்கு ஒரு பொறுப்பு அதிகாரி, எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாமல். விரைவு நீதிமன்றம், ஆறு மாதத்துக்குள் முடிக்கப் பார்க்க வேண்டும். பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீட்டுத் திட்டம். கடமையைச் செய்யாத அதிகாரி மேல் நடவடிக்கை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 103(2) என்று தனிப்பிரிவே இருக்கிறது: ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து இனம், சாதி, பாலினம், பிறந்த இடம், மொழி, தனிப்பட்ட நம்பிக்கை மாதிரியான காரணத்துக்காக ஒருவரைக் கொன்றால் தூக்கு அல்லது ஆயுள். மதம் என்கிற சொல் அதில் நேரடியாக இல்லை என்பது எனக்குக் குறையாகப் படுகிறது. இன்னொரு சிக்கல், "அவன் மொழிக்காக அடிக்கவில்லை, பிள்ளை பிடிக்க வந்தவன் என்று நினைத்து அடித்தோம்" என்று எதிர்த்தரப்பு சொல்லும். மொழியை வைத்துத்தான் அப்படி நினைத்தாய் என்று நிரூபிக்க வேண்டிய பாரம் அரசுத் தரப்பு மேல் விழும். பட்டியல் சாதி, பழங்குடியினர் மீது என்றால் 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இதைவிடக் கூர்மையானது. முன்ஜாமீன் கிடையாது, கடமை தவறிய அரசு ஊழியர் மேலேயே 4-ம் பிரிவில் வழக்குப் போடலாம். அந்த 4-ம் பிரிவில் எஃப்.ஐ.ஆர். போட வைக்க நான் பட்ட பாட்டைத் தனியாக எழுத வேண்டும்.

ஆக, சட்டம் இல்லாமல் இல்லை. வழக்கு சாட்சியில்தான் செத்துப்போகிறது. நாற்பது பேர் அடித்தால் நானூறு பேர் பார்த்திருப்பார்கள், கோர்ட்டில் ஒருவர் வர மாட்டார். வந்தாலும் கூண்டில் ஏறிப் பிறழ்சாட்சியாகிவிடுவார். அடித்தவன் மச்சான், மாப்பிள்ளை, ஒரே படகில் போகிறவன். செத்தவனோ ஊர் பேர் தெரியாதவன். வீடியோ இருந்தால் போதும் என்று நினைக்காதீர்கள். ராஜஸ்தானில் 2017-ல் மாடு வாங்கிக்கொண்டு வந்த பெஹ்லு கானை அடித்துக் கொன்றது நாடே பார்த்த வீடியோ. 2019 ஆகஸ்டில் கீழ் நீதிமன்றம் ஆறு பேரையும் விடுதலை செய்தது, வீடியோவை முறையாக நிரூபிக்கவில்லை என்பது ஒரு முக்கியக் காரணம். எடுத்தவர் யார், எந்தப் போனில், மின்னணு ஆதாரத்துக்கான சான்றிதழ் எங்கே என்பதெல்லாம் முதல் வாரத்திலேயே செய்ய வேண்டிய வேலை. அதனால் உங்களிடம் அப்படி ஒரு வீடியோ இருந்தால் பார்வர்ட் செய்யாதீர்கள், அழிக்கவும் செய்யாதீர்கள். எடுத்த போனை அப்படியே வைத்துக்கொண்டு ஒரு வக்கீலைப் பாருங்கள்.

கடைசியாக, அந்த நேரத்தில் என்ன செய்ய முடியும் என்று கேட்பீர்கள். முதல் பத்து நிமிடம்தான் எல்லாம். அதற்குள் 112-க்கு ஒருத்தர் கூப்பிட்டிருக்க வேண்டும், அன்று நான் போலீஸைக் கூப்பிடவில்லை. பிள்ளையைப் பற்றி உண்மையிலேயே சந்தேகம் என்றால் 1098 இருக்கிறது. கூட்டத்தைப் பார்த்துப் பொதுவாக "அடிக்காதீங்க" என்று கத்தினால் யாருக்கும் கேட்காது. தெரிந்த ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும், "டேய் முருகா, உங்க அப்பாவுக்கு நான் என்ன சொல்லுவேன்" என்று. பெயர் காதில் விழுந்ததும் அவன் கூட்டத்திலிருந்து பிரிந்து தனி ஆளாகிவிடுகிறான். இதைப் பிறகு பல வழக்குகளில் சாட்சிகள் சொல்லிக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

அன்று அந்தப் பஸ் ஸ்டாப்பில் இதைச் செய்தது எதிரே டீக்கடை வைத்திருந்த பாய். அறுபது வயது, சர்க்கரை வியாதி, காலில் புண். அடுப்பை அணைத்துவிட்டு வந்தார், இரண்டு பேரைப் பெயர் சொல்லித் திட்டினார், அவர்கள் ஒதுங்கிய இடைவெளியில் அந்தத் தெலுங்குக்காரரின் கையைப் பிடித்துக் கடைக்குள் இழுத்து ஷட்டரைக் கீழே இறக்கிவிட்டார். வெளியே இருந்து ஷட்டரை உதைத்தார்கள், கல்லால் அடித்தார்கள். முக்கால் மணி நேரம் கழித்துப் போலீஸ் வந்தது. உள்ளே அந்த ஆள் ரொட்டி தின்றுகொண்டிருந்தார். மூன்றாம் நாள் நெல்லூர்ப் பக்கத்திலிருந்து அவருடைய தம்பி வந்தார். தர்காவில் கூட்டத்தில் அண்ணனைத் தொலைத்துவிட்டு ஒரு வாரமாகத் தேடிக்கொண்டிருந்திருக்கிறார். பாய்க்கு நன்றி சொல்ல வந்தவர், எங்கள் எல்லோரோடும் பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தார். ஷட்டர் ஏன் இப்படி நெளிந்திருக்கிறது என்று கையைக் காட்டிக் கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. பாய்தான், லாரி ஒன்று ரிவர்ஸ் எடுத்தபோது இடித்துவிட்டது என்றார்.